தெளிந்த நீரில் மடிந்த மீன்கள்

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளரும் மீன்கள் ஏன் நோயுறுகின்றன என்ற கேள்விக்கான விடை, மீனின் உடலை அறுத்துப் பார்த்ததால் மட்டும் கிடைத்ததன்று. லண்டன் மருந்தாளர் கழகத்தின் கூடத்திலும், பாரிஸின் கழிவுநீரைச் சோதித்த ஆய்வகத்திலும், இங்கிலாந்தின் வேளாண் ஆய்வு நிலையம் ஒன்றின் மண்ணிலும், ஜெர்மனியின் மீன் பண்ணைகளிலும் தனித்தனியே கிடைத்த துணுக்குகள் ஒன்றுசேர நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயின. அவற்றுள் தலையாய இரண்டு துணுக்குகள் ஒரே குடும்பத்தின் தந்தையிடமும் மகனிடமும் இருந்தன; இருந்தும் அவை அக்குடும்பத்துக்குள் ஒன்றுசேராமலே போனதுதான் இந்த வரலாற்றின் வியப்புக்குரிய பகுதி.

அழகுக்காக மீன் வளர்க்கும் வழக்கம் சீனத்தில் வேரூன்றியது. சோங் அரச மரபின் காலத்தில் (960–1279) தோட்டத்துக் குளங்களில் பேணப்பட்ட பொன்னிற மீன்கள், மிங் மரபின் காலத்தில் பீங்கான் தொட்டிகளுக்கு இடம்பெயர்ந்தன. 1596-இல் சாங் ச்சியென்-தெ என்பவர் செம்மீன்களைப் பற்றித் தனி நூலொன்று எழுதும் அளவுக்கு அந்தக் கலை வளர்ந்திருந்தது. வாயகன்ற தொட்டியில் நீரின் மேற்பரப்பு விரிந்திருப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் கரைகிறது. நீரை அவ்வப்போது மாற்றும்போது மீனின் கழிவும் வெளியேறிவிடுகிறது. காரணம் தெரியாமலே கைப்பழக்கத்தால் கைவந்த நல்ல முறை அது. ஐரோப்பாவுக்கு 17-ஆம் நூற்றாண்டில் வந்த தங்கமீன்களோ, அடுத்த நூற்றாண்டில் வாய் குறுகிய கண்ணாடிக் குடுவைகளுக்குள் விடப்பட்டன. குடுவையில் மீன் செத்தால் இன்னொன்று வாங்கப்பட்டது. அது ஏன் செத்தது என்று கேட்பதற்கான கருவிகள் அன்றைய வேதியியலிடம் இல்லை.

கேள்வியை முதன்முதலில் எழுப்பத் துணைநின்றது காற்றைப் பற்றிய ஆராய்ச்சி. விலங்கின் மூச்சால் கெட்டுப்போன காற்றைச் செடி மீண்டும் நல்லதாக்குகிறது என்பதை 1770களின் தொடக்கத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்தார். அதற்குச் சூரிய ஒளி தேவை என்பதை 1779-இல் யான் இங்கன்ஹவுஸ் நிறுவினார். நிலத்தில் உண்மையானது நீரிலும் உண்மையாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இதிலிருந்து பிறந்தது. 1832-இல் சிசிலித் தீவின் மெசினாவில் கடலுயிர்களை ஆராய்வதற்கென்றே கண்ணாடித் தொட்டி அமைத்த ஜான் வில்ப்ரே-பவர், 1846 முதல் லண்டனில் பவள உயிர்களை வளர்த்த ஆனா தைன் ஆகிய பெண்மணிகள் இருவரும் இத்துறையின் முன்னோடிகள். கடலிலிருந்து தொலைவில் இருந்த தைனின் வீட்டில், கடல்நீரை ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்குத் திரும்பத் திரும்ப ஊற்றிக் காற்றூட்ட வேண்டியிருந்தது. அந்த உழைப்பைச் செய்தவர் வீட்டுப் பணிப்பெண்.

லண்டன் மருந்தாளர் கழகத்தின் வேதியியலாளராக இருந்த ராபர்ட் வாரிங்டன் 1849-இல் தொடங்கி 1850-இல் வேதியியல் சங்கத்தில் விவரித்த சோதனையே இன்றைய வீட்டுத் தொட்டியின் மூலம். ஏறக்குறைய 12 கேலன், அதாவது 54 லிட்டர் கொள்ளளவுள்ள கண்ணாடிக் கலம் ஒன்றை எடுத்து, அதில் பாதியளவு ஊற்றுநீர் நிரப்பி, அடியில் மணலும் சேறும் சுண்ணாம்புக்கல் துண்டுகளும் இட்டு, நாடா போன்ற நீண்ட இலைகளுடைய வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை அவர் விட்டார். செடி நன்றாகவே வளர்ந்தது. ஆனால் அதன் முதிர்ந்த இலைகள் அழுகத் தொடங்கியபோது நீர் கலங்கிப் பச்சைப் பாசி படர்ந்து, மீன்களின் உயிருக்கே கேடு வரும் நிலை ஏற்பட்டது. அழுகலைத் தின்னும் குளத்து நத்தைகள் சிலவற்றை அவர் உள்ளே விட்டதும் நீர் தெளிந்தது. நத்தைகளின் முட்டைகள் மீனுக்கு இரையாயின. மீன் விடும் கரிவளியைச் செடி ஏற்கிறது, செடி விடும் ஆக்சிஜனை மீன் சுவாசிக்கிறது, செடியின் கழிவை நத்தை தின்கிறது, நத்தையின் முட்டையை மீன் தின்கிறது என்ற இந்த வட்டத்தை, விலங்குலகுக்கும் தாவர உலகுக்கும் இடையிலான சமநிலை என்று வாரிங்டன் விளக்கினார்.

விளக்கம் அழகானது, பெருமளவு உண்மையும் உடையது. எனினும் அந்தக் கலம் நலமாக இருந்ததற்கு அவர் சொல்லாத காரணங்கள் சிலவும் இருந்தன என்பது இன்று தெளிவாகத் தெரிகிறது. சுமார் 27 லிட்டர் நீருக்கு இரண்டே சிறு மீன்கள். பாதியளவே நிரப்பியதால் காற்றோடு உறவாடும் நீர்ப்பரப்பு போதிய அகலத்தில் அமைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடியில் இட்ட சேற்றோடு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்று கலத்துக்குள் குடியேறியிருக்க வேண்டும். சமநிலைக் கோட்பாட்டைக் கைக்கொண்டவர்கள் செடியையும் நத்தையையும் எடுத்துக்கொண்டார்கள். சேற்றின் பங்கை எண்ணிப் பார்க்கவில்லை.

1853-இல் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் மீன் மாளிகை திறக்கப்பட்டதும், 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் மீன் தொட்டியைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்ததும் நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைக்கு மீன் தொட்டியைக் கொண்டுவந்தன. அந்த மோகம் அடுத்த பத்தாண்டுக்குள்ளாகவே தணிந்ததற்குத் தொட்டிகளில் நேர்ந்த பெருஞ்சாவும் ஒரு காரணம். மீன் நோயுற்றால், செடிக்கும் மீனுக்குமான விகிதம் பிசகிவிட்டது என்பதே அக்கால விளக்கம். செடிகள் இரவில் ஆக்சிஜனை வெளியிடாமல் தாமும் அதை உட்கொள்கின்றன என்பதையும், தொட்டி நீருக்கு ஆக்சிஜன் பெரும்பாலும் மேற்பரப்பின் வழியே காற்றிலிருந்துதான் வருகிறது என்பதையும் அந்த விளக்கம் கணக்கில் கொள்ளவில்லை. இருந்தும் நூறாண்டு அது நிலைத்தது.

அது நிலைத்ததற்கு அக்கால மனிதர்களின் கவனக்குறைவைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. மீன் காட்டும் அறிகுறியே அவர்களைத் திசைதிருப்பியது. நோயுற்ற மீன் துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு, நீரின் மேற்பரப்புக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடி, செவுள் மூடிகளை விரைந்து அசைக்கும். பார்ப்பவருக்கு அது காற்றுக்குத் தவிப்பதாகவே தோன்றும். நீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் மீன் இப்படித்தான் செய்யும்; ஆனால் அம்மோனியா செவுளின் மென்திசுவைப் புண்ணாக்கினாலும், நைட்ரைட்டு இரத்தத்தில் கலந்து ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலைக் குலைத்தாலும், ஒட்டுண்ணிகள் செவுளில் குடியேறினாலும், குழாய்நீரின் குளோரின் செவுளைச் சுட்டாலும் இதே அறிகுறிதான். ஒன்றைக் காட்டி ஐந்தை உணர்த்தும் இந்த அறிகுறியிலிருந்து உண்மைக் காரணத்தைப் பிரித்தறிய வேண்டுமென்றால் நீரை அளந்தாக வேண்டும். நீரோ கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமில்லை.

விடை கிடைத்த இடம் மீனோடு தொடர்பே இல்லாதது. 1877-இல் பாரிஸில் தியோஃபீல் ஷ்லோசிங், அஷீல் முன்ட்ஸ் என்ற இருவர், கழிவுநீர் மண்ணின் வழியே வடியும்போது தூய்மையாவது எப்படி என்று ஆராய்ந்தனர். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே கழிவுநீரை மெல்ல வடியவிட்டபோது, முதல் 20 நாட்கள் அதிலிருந்த அம்மோனியா மாற்றமின்றி அப்படியே வெளிவந்தது. அதன்பின் நைட்ரேட்டு தோன்றி, அம்மோனியா மறைந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. ஆவியை நீக்கி, சிறிதளவு தோட்டமண் கரைத்த நீரைச் சேர்த்ததும் மீண்டும் தொடங்கியது. வெறும் வேதிவினையாக இருந்தால் தொடங்க 20 நாட்கள் ஆகியிரா; மயக்க மருந்துக்கு அது அடங்கியிராது. உயிருள்ள ஏதோ ஒன்று மணலில் பெருகி இந்த வேலையைச் செய்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். அம்மோனியா உயிரினங்களால் நைட்ரேட்டாக மாற்றப்படும் இந்நிகழ்வே நைட்ரேட்டாக்கம் எனப்படுகிறது.

இந்தச் செய்தியை இங்கிலாந்தில் உடனே பற்றிக்கொண்டு சோதித்தவர் ஹார்ப்பெண்டனில் உள்ள ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தின் வேதியியலாளர். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். மீன் தொட்டியில் சமநிலை கண்ட வாரிங்டனின் மகனான அவர், 1838-இல் பிறந்து, மருந்தாளர் கழகத்தின் கூடத்திலேயே வளர்ந்து, தந்தையின் ஆய்வகத்திலேயே வேதியியல் பயின்றவர். தந்தை தங்கமீன்களைக் கலத்தில் விட்டபோது அவருக்கு வயது பத்தோ பதினொன்றோ. 1878 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் அவர், நிலத்து மண்ணிலும் இதே மாற்றம் நிகழ்வதை உறுதிசெய்தார். ஒளி அதனைத் தடுக்கிறது என்று கண்டார். மிக முக்கியமாக, மாற்றம் ஒரே தாவலில் நிகழ்வதில்லை, ஓர் உயிரினம் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறோர் உயிரினம் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்று காட்டினார். அந்த உயிரினங்களைத் தனியே பிரித்தெடுக்கும் முயற்சியில் அவருக்கு முன்பே 1890-இல் வெற்றிகண்டவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி.

மகனின் கண்டுபிடிப்பைத் தந்தையின் கலத்தோடு பொருத்திப் பார்த்தால், எல்லாம் துலங்கும். பாரிஸ் குழாயில் இருந்த அதே மணலும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கலத்தின் அடியிலும் இருந்தன. நைட்ரேட்டாக்கத்தின்போது நீரில் அமிலம் உண்டாகும். சுண்ணாம்புக்கல் அதனைத் தணிக்கும். ஆனால் தந்தை 1867-இலேயே காலமானார். மகனின் அக்கறையோ பயிருக்கு உரமாகும் நைட்ரேட்டைப் பற்றியது. வேளாண்மைக்கும் நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் விரைந்து பயன்பட்ட ஓர் அறிவு, மீன் வளர்ப்பவர்களை எட்ட இன்னும் இரண்டு தலைமுறை ஆனது வருந்தத்தக்கதே.

புதிய தொட்டியில் மீன் விட்ட முதல் சில வாரங்களில் நேரும் சாவுக்கு இந்த அறிவுதான் விளக்கம். மீன், உணவிலுள்ள புரதத்தின் நைட்ரஜனைப் பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. புதுத் தொட்டியில் நைட்ரேட்டாக்கத்தைச் செய்யும் பாக்டீரியாக்கள் பெருகியிராததால் அது தேங்குகிறது. பின்னர் முதல் வகை பாக்டீரியா பெருகியதும் அம்மோனியா குறைந்து நைட்ரைட்டு ஏறுகிறது. இரண்டாம் வகையும் பெருகிய பிறகே, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்களில், தொட்டி பாதுகாப்பான நிலையை அடைகிறது. நைட்ரைட்டு மீனின் குருதிச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏற்கவியலாத வடிவமாக மாற்றிவிடுவதால், குருதி பழுப்பு நிறமாகிறது. மீன் வளர்ப்போர் தொட்டியில் கல் உப்பு இடும் பழைய வழக்கத்துக்கு இங்கே ஒரு வேதியியல் நியாயம் உண்டு: உப்பிலுள்ள குளோரைடு, செவுளின் வழியே நைட்ரைட்டு உள்நுழைவதைத் தடுக்கிறது.

அம்மோனியாவின் நஞ்சோ, பி.எச். எனப்படும் நீரின் கார அமில நிலையைப் பொறுத்தது. நீரில் அது இரு வடிவங்களில் இருக்கிறது. மின்னூட்டமற்ற வடிவமே செவுளை எளிதில் ஊடுருவி மீனைக் கொல்வது. 25 பாகை செல்சியசில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே அந்த வடிவில் இருக்கும், பி.எச். 8-இல் அது ஏறக்குறைய 5 விழுக்காடாகவும், 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகவும் உயரும். ஒரே எண்ணிக்கை மீனும் ஒரே அளவு உணவும் ஒரு வீட்டில் தீங்கின்றியும் அடுத்த வீட்டில் கொலைநஞ்சாகவும் முடிவதற்கு இந்த வேறுபாடே போதும். தொட்டி நலம் பற்றிய பழைய நூல்களின் அறிவுரைகள் ஒருவருக்குப் பலித்து இன்னொருவருக்குப் பொய்த்ததும் இதனால்தான்.

இதற்கிடையே நோய்க்கிருமிகளைத் தேடிய மற்றோர் ஓட்டம் ஜெர்மனியிலும் பிரான்சிலும் நடந்துகொண்டிருந்தது. உடலெங்கும் உப்புத் தூவியதுபோல் தோன்றும் வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியை 1869-இல் ஹாம்பர்க்கில் ஹில்கெண்டார்ஃபும் பவுலிக்கியும் விவரித்தனர். 1876-இல் ஃபூக்கே அதற்கு இக்தியோஃப்திரியஸ் என்று பெயரிட்டார். அதன் வாழ்க்கைச் சுழற்சி, மீன் வளர்ப்பவரை ஏமாற்றுவதற்கென்றே அமைந்ததுபோன்றது. மீனின் தோலுக்கடியில் வளரும் ஒட்டுண்ணி, முதிர்ந்ததும் தானே உதிர்ந்து, அடியில் படிந்து, உறைக்குள் பலமுறை பிளந்து, நூற்றுக்கணக்கான நீந்தும் குஞ்சுகளை வெளிவிடுகிறது. அவை இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைப் பற்றியாக வேண்டும், இல்லையேல் மடியும். தோலுக்கடியில் இருக்கும் கட்டத்திலும் உறைக்குள் இருக்கும் கட்டத்திலும் மருந்து அதனைத் தொடுவதில்லை. நீந்தும் கட்டத்தில் மட்டுமே தொடும். ஆகவே புள்ளிகள் மறைந்ததும் மருந்து பலித்துவிட்டதாக எண்ணி நிறுத்துபவர், சில நாட்களில் முன்னிலும் பன்மடங்கு புள்ளிகளைக் காண்பார். வெதுவெதுப்பான நீரில் ஒரு வாரத்துக்குள் முடியும் இச்சுழற்சி, 10 பாகைக் குளிர்நீரில் ஒரு மாதத்துக்கும் மேல் நீளும். வெப்பநிலையைக் கேளாமல் மருந்தின் நாட்கணக்கைச் சொல்லும் அறிவுரை எதுவும் இந்நோய்க்குப் பயன்படாது.

மியூனிக்கைச் சேர்ந்த புரூனோ ஹோஃபர் 1904-இல் வெளியிட்ட மீன்நோய்க் கையேடு இத்துறையின் அடித்தளம். அவருக்குப் பின் வந்த வில்ஹெல்ம் ஷேப்பர்கிளாஸ், அமேசான் காடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டுப் புகழடைந்த நியான் டெட்ரா மீனைப் பீடிக்கும் ஒட்டுண்ணியை 1941-இல் விவரித்தார். இவர்களின் அறிவு பெரும்பாலும் கெண்டை, டிரவுட் பண்ணைகளில் பிறந்தது. வீட்டுத் தொட்டிக்கு வந்தபோது, மீன் நோயுற்றால் கிருமியைத் தேடி மருந்திடுவது என்ற ஒரு பழக்கத்தையும் தன்னோடு கொண்டுவந்தது. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் சேர்க்கத் தொடங்கியதிலிருந்து நகரங்கள்தோறும் பரவிய வழக்கம், மீனுக்கு இன்னொரு நஞ்சையும் குழாய் வழியே வீட்டுக்குள் கொண்டுவந்தது. ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்ஃபேட்டு அதற்கு எளிய முறிமருந்தாக அமைந்தது.

சமநிலைக் கோட்பாட்டை வெளிப்படையாக மறுத்தவர் நியூயார்க் மீன் காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ். தொட்டியின் சமநிலை என்பது கட்டுக்கதை என்று 1949-இல் அவர் எழுதினார். ஜப்பானில் 1958-இல் சாயெக்கி என்பவர், மூடிய சுழற்சித் தொட்டியில் வடிகட்டியின் மணலே நீரைத் தூய்மையாக்கும் உறுப்பு என்பதைக் கணக்கிட்டு வகுத்தார். ஸ்டீஃபன் ஸ்பாட் 1970-இல் வெளியிட்ட நூல் இதனை ஆங்கில உலகில் பரப்பியது. கிருமியின் ஓட்டமும் நீரின் ஓட்டமும் கடைசியாகச் சந்தித்தது 1974-இல். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஸ்தானிஸ்லாஸ் ஸ்னியெஸ்கோ, மீன், நோய்க்கிருமி, சூழல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் நோய் பிறக்கிறது என்று விளக்கினார். கிருமிகள் பெரும்பாலான தொட்டிகளில் எப்போதும் இருக்கின்றன. நீர் கெட்டு மீன் தளர்ந்தபோது அவை மேலோங்குகின்றன என்பது அதன் பொருள். துடுப்பு அழுகலுக்கும் பஞ்சு போன்ற பூஞ்சைக்கும் மருந்திடுபவர் பலநேரங்களில் இரண்டாவதாக வந்த நோய்க்கே மருந்திடுகிறார்.

தமிழ்நாட்டில் 1909-இல் சென்னை மெரினாவில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று அதே நகரின் கொளத்தூர், நாடறிந்த வண்ணமீன் சந்தையாகத் திகழ்கிறது. அங்கிருந்து பிளாஸ்டிக் பையில் வீடு சேரும் மீனுக்கு, லண்டன் கூடத்தில் இருந்த தங்கமீனைவிடக் கடுமையான சூழல் காத்திருக்கிறது. 15 பாகை நீரில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் ஏழரைதான். வெப்பம் ஏறும்போது அம்மோனியாவின் நச்சு வடிவமும் கூடும். ஆழ்துளைக் கிணற்று நீரின் பி.எச். எட்டை ஒட்டியிருந்தால் மேலும் கூடும். இந்நிலையில் தவிக்கும் மீனைக் கண்டதும் பலர் முதலில் செய்வது, மெதிலீன் புளூ என்னும் நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றுவது. அந்த மருந்தும், எரித்ரோமைசின் என்னும் எதிருயிரியும் நைட்ரேட்டாக்கத்தை முடக்குகின்றன என்பது 1970களிலேயே சோதித்து அறியப்பட்டது. அம்மோனியாவால் வாடும் மீனுக்காக ஊற்றப்படும் மருந்து, அம்மோனியாவை அகற்றும் பாக்டீரியாக்களையே ஒடுக்கி, நோயின் காரணத்தை வளர்க்கிறது.

எந்த உயிரினம் இந்த வேலையைச் செய்கிறது என்ற ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நெடுங்காலம் நம்பப்பட்ட நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் ஹோவானெக்கும் அவரோடு உழைத்தவர்களும் காட்டினர். ஆர்க்கியா என்னும் வேறொரு பெரும்பிரிவைச் சேர்ந்த, அம்மோனியாவை உண்ணும் நுண்ணுயிர் 2005-இல் சியாட்டில் மீன் காட்சியகத்தின் தொட்டி ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இரு படிகளையும் தனியொருவனாகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகை 2015-இல் அறியப்பட்டது. பெயர்கள் மாறினாலும் வீட்டில் மீன் வளர்ப்பவர் செய்ய வேண்டியது மாறவில்லை. மீன் தவிக்கும்போது மருந்துப் புட்டியைத் திறக்கும் முன் நீரின் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பி.எச். அளவையும் பார்க்க வேண்டும். அளவு கூடியிருந்தால், குளோரின் நீக்கிய நீரைக் கொண்டு தொட்டி நீரில் ஒரு பகுதியை அன்றே மாற்ற வேண்டும். வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் கழுவாமல் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.